மரத்தில கொத்தினா காணி சொந்தமா? வில்லியம் குரோஃபோர்ட், சங்கிலி, உறுதி

வீரைமரம் (நெடுங்கேணி) கேட்டது:

வணக்கம். அமெரிக்கா பிரித்தானியாவுக்குக் கீழ இருந்த காலத்து எல்லைப்புறக் காணிக்காரரைப் பற்றி வாசிக்கேக்க வில்லியம் குரோஃபோர்ட் எண்ட பேர் திரும்பத் திரும்ப வருது. வேர்ஜீனியாக்காரன். 1765இல யொக்கியகேனி ஆற்றங்கரையில, ஸ்டூவர்ட்ஸ் குறொஸிங் எண்ட இடத்தில குடியேறியிருக்கிறார். ஆள் நில அளவையாளர், ஜோர்ஜ் வொஷிங்டனுக்குக் காணி பார்த்துக் குடுத்தவர், மிலிஷியா எண்ட ஊர்ப்படையில அதிகாரி, பிறகு கேணல். 1782இல டெலவெயர் எண்ட பழங்குடி ஆக்களிட்டப் பிடிபட்டு உயிரோட எரிக்கப்பட்டவர்.

விளங்காத விசயம் காணிதான். கோடரியால மரத்தில கொத்தி எழுத்து வெட்டினா அது "டொமஹோக் உரிமை" எண்டு போட்டிருக்கு. அது சட்டமா, சும்மா பேச்சா? அடர் காட்டுக்குள்ள 400 ஏக்கரை எதால அளந்தவை? மிலிஷியாப் பதவிக்கும் இந்தக் காணிக்கும் என்ன தொடர்பு? எங்கட பக்கத்தில பிடிச்ச காணி, பேமிற் (அரசின்ர அனுமதிப்பத்திரம்) காணி, உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணி எண்டு மூண்டு சொல்லுவம். அதோட ஒப்பிட்டுச் சொன்னா நல்லம்.

---

சங்கிலி66 எழுதியது:

அளவையை மட்டும் நான் சொல்கிறேன். சட்டத்தை மற்றவர்கள் பார்க்கட்டும்.

குரோஃபோர்டின் வரைபடத்தில் "போல்" என்று வருவதும் உங்கள் உறுதியில் "பேர்ச்" என்று வருவதும் ஒரே அளவு, பதினாறரை அடி. சதுரமாக எடுத்தால் 272.25 சதுர அடி. அப்படி 160 சேர்ந்தால் ஓர் ஏக்கர். பரப்புக் கணக்கில் பழகியவர்கள் 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொண்டு அந்தப் பழைய வேர்ஜீனிய ஆவணத்தை அப்படியே வாசிக்கலாம். இரண்டுக்கும் ஊற்று இங்கிலாந்துதான்.

கருவி குண்டரின் சங்கிலி. 66 அடி, 100 கண்ணி, 4 போல். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆனால் மலையும் பற்றையும் உள்ள இடத்தில் முழுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் 33 அடி, 50 கண்ணி உள்ள அரைச் சங்கிலிதான் அங்கே ஓடியது. திசைக்கு ஒற்றைத் தடியில் பூட்டிய திசைகாட்டி. சங்கிலி பிடிக்க இரண்டு பேர், மரத்தில் குறி போட ஒருவர், முன்னால் வழி பார்க்க ஒருவர். இதுதான் முழுக் குழு.

400 ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 253 போல், கிட்டத்தட்ட 4,170 அடி. அரைச் சங்கிலியை ஒரு பக்கத்துக்கு 126 தரத்துக்கு மேல் விரிக்க வேண்டும். ஒரு தரம் எண்ணத் தவறினால் அந்தப் பக்கம் 33 அடி பிழைக்கும். அதனால்தான் முன்னால் போகிறவர் நட்டுப்போகும் இரும்பு முளைகளைப் பின்னால் வருகிறவர் பிடுங்கிச் சேர்த்து, கடைசியில் எண்ணிப் பார்ப்பார்.

பிழை எங்கே வரும்? முதலில் சங்கிலியின் தேய்மானம். முழுச் சங்கிலியில் கண்ணியும் வளையமும் உரசும் இடம் 600க்குக் குறையாது. ஒவ்வொன்றும் அங்குலத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்கு தேய்ந்தாலே சங்கிலி ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் கடதாசியில் 400 என்று விழும், தரையில் அதைவிடக் கூட இருக்கும். அரைச் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டால் 400 ஏக்கரில் 2 ஏக்கர் வேறுபாடு. சரிவு இதற்கு நேர் எதிர். சங்கிலியைக் கிடையாகப் பிடிக்காமல் நிலத்தோடு போட்டு இழுத்தால், 20 பாகைச் சரிவில் 100 போல் என்று எழுதியது உண்மையில் 94தான்.

இவையெல்லாம் சின்னப் பிழை. பெரிய தலையிடி திசைகாட்டிதான். 253 போல் ஓட்டத்தில் 1 பாகை பிசகினால் மறுமுனை 73 அடி விலகிப்போகும். காந்த வடக்கு ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. முப்பது நாற்பது வருடம் கழித்து வருகிற அளவையாளர் அதே பாகையை வைத்து ஓட்டினால் பக்கத்துக்காரனின் கொட்டிலுக்குள் போய் நிற்பார். அதனால்தான் அந்த உறுதிகளில் பாகையைவிட மரத்துக்கு மதிப்பு அதிகம். "ஆற்றங்கரை வெள்ளை ஓக்கில் தொடங்கி" என்று எழுதினால் அந்த ஓக்தான் எல்லை. பாகையும் தூரமும் அந்த ஓக்கைத் தேடிப்பிடிக்கிற வழி மட்டும். மூலை மரத்தில் மூன்று கொத்து, கோட்டில் வரும் மரத்தில் பட்டை சீவல். பட்டை மூடிய பின்னும் உள்ளே வடு கிடக்கும். அடுக்கடுக்காகச் செதுக்கி வருட வளையத்தை எண்ணினால் எந்த வருடம் கொத்தியது என்றுகூடச் சொல்லிவிடலாம். எல்லை முதிரையைத் தறித்துவிட்டுப் பிறகு கச்சேரிக்கு நடக்கிறவர்களுக்கு இது விளங்கும்.

---

தோம்புக்கட்டு எழுதியது:

டொமஹோக் உரிமை சட்டமில்லை. ஊற்றுக்குப் பக்கத்தில் நாலைந்து மரத்தைச் சுற்றிப் பட்டை உரித்து, நின்றபடியே சாகவிட்டு, ஒரு மரத்தில் பெயரின் முதலெழுத்தை வெட்டிவிட்டுப் போவார்கள். எந்த மாகாணச் சட்டமும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் பிறகு வந்தவர்கள் சண்டை வேண்டாம் என்று அந்தக் கொத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். சட்டத்தில் இல்லாததற்கும் சந்தையில் விலை இருந்தது. நம்மட "பிடிச்ச காணி" கைமாறுவதும் இப்படித்தானே.

அடுத்த படி சோள உரிமை. காடு வெட்டிச் சோளம் போட்டவருக்கு ஒரு பிடி உண்டு. வேர்ஜீனியா இதை 1779இல்தான் சட்டமாக்கியது. 1778 ஜனவரி 1க்கு முன் குடியிருந்தோ பயிர் செய்தோ காட்டினால் 400 ஏக்கர். அதை ஒட்டி மேலும் 1,000 ஏக்கர் வரை முதலில் வாங்கும் உரிமை. உங்கள் பேமிற் காணிக்குக் கிட்ட வருவது இதுதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் முதலில் பேமிற், நிபந்தனையை நிறைவேற்றினால் அளிப்பு. ஒரு பெரிய வித்தியாசம்: இங்கே அரசு முதலில் காட்டித் தரும், பிறகு நீங்கள் வெட்டுவீர்கள். அங்கே முதலில் வெட்டினார்கள், பேப்பர் பின்னால் ஓடி வந்தது.

உறுதிக்குச் சமம் "பேற்றன்ற்". அதற்கு ஆணைப்பத்திரம், அளவை, வரைபடம், கட்டணம், கடைசியில் ஆளுநரின் முத்திரை. இதில் எந்த இடத்தில் நின்றுபோனாலும் காணி அந்தரத்தில் தொங்கும். பலருக்கு அளவையோடு நின்றது. மிச்சத்துக்குக் காசும் இல்லை, தலைநகருக்குப் போய்வர நாளும் இல்லை.

குரோஃபோர்ட் இருந்த இடத்தில் இன்னொரு சிக்கல். பென்சில்வேனியாவும் வேர்ஜீனியாவும் அந்த மண்ணைத் தங்களது என்றன. பென்சில்வேனியா 1769 ஏப்ரல் 3இல் அந்தப் பகுதிக்குக் காணிக் கந்தோரைத் திறந்தது. ஒரு விண்ணப்பத்துக்கு 300 ஏக்கர், 100 ஏக்கருக்கு 5 பவுண். அவர்கள் அளவையில் பாதைக்கென்று 6 சதவீதம் மேலதிகமாகச் சேர்ப்பார்கள், அதனால் ஏக்கர் கணக்கு இடித்தால் உடனே பிழை என்று எழுதிவிடாதீர்கள். குரோஃபோர்ட் பென்சில்வேனியாவின் நீதவானாக இருந்துகொண்டே 1774இல் வேர்ஜீனிய ஆளுநர் டன்மோர் ஷானிப் பழங்குடியினர் மீது நடத்திய போரில் அதிகாரியாகப் போனார். அந்த நீதவான் பதவி பறிபோனது.

---

வீரைமரம் எழுதியது:

நன்றி இரண்டு பேருக்கும். மரம்தான் எல்லை எண்டது இப்ப விளங்குது. பதவிக்கும் காணிக்கும் தொடர்பு இன்னும் பிடிபடேல்ல. சம்பளத்துக்குப் பதிலாக் காணியா?

---

இடியன் எழுதியது:

சம்பளத்துக்கு மேலாகக் காணி. மன்னரின் 1763 பிரகடனத்தில் அளவு தெளிவாக இருக்கிறது. பெரிய நிலை அதிகாரிக்கு 5,000 ஏக்கர், கப்டனுக்கு 3,000, அதற்குக் கீழ்ப்பட்ட அதிகாரிக்கு 2,000, சார்ஜன்ட் நிலைக்கு 200, சாதாரணச் சிப்பாய்க்கு 50. கப்டனுக்கும் சிப்பாய்க்கும் 60 மடங்கு வித்தியாசம். இது பிரெஞ்சுக்காரருடனான போரில் நின்ற படையினருக்கு. ஊர் மிலிஷியாவுக்கு அல்ல. இரண்டையும் குழப்பக்கூடாது. 50 ஏக்கர்ச் சிப்பாய் அதை அளந்து எடுக்கும் செலவுக்குப் பயந்து உரிமையை விற்றுவிடுவான். வாங்குவது யார்? கையில் காசும் அளவையாளரும் வைத்திருந்த அதிகாரி.

அதே பிரகடனம் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே காணி எடுக்கக் கூடாது என்றும் சொன்னது. 1767 செப்டெம்பரில் வொஷிங்டன் குரோஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் தடை பழங்குடியினரை ஆற்றுவதற்கான தற்காலிக ஏற்பாடு என்கிறார். வேட்டைக்குப் போகிற சாட்டில் நல்ல நிலத்தைப் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்கிறார். தடை எடுபடுகிற நாளில் வரைபடம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஊர் மிலிஷியா வேறு விதம். வேர்ஜீனியாவின் 1757 சட்டப்படி 18 முதல் 60 வயது ஆண்கள் பட்டியலில். வீட்டில் 1 இறாத்தல் வெடிமருந்தும் 4 இறாத்தல் குண்டும் எப்போதும் இருக்க வேண்டும். ஏன் ஒன்றுக்கு நாலு? ஓர் இறாத்தல் 7,000 கிரெயின். பெரிய வாய் மஸ்கெற்றுக்கு ஒரு வெடிக்கு 150 கிரெயின் போட்டால் 46 வெடி. அதன் குண்டு இறாத்தலுக்கு 14, நாலு இறாத்தலுக்கு 56. ஆக மருந்தும் குண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே முடியும். எல்லைப்புறத்து றைபிளில் இந்தக் கணக்கு உடையும். 75 கிரெயின் போதும் என்றால் 93 வெடி, அரை அங்குல வாய்க்குக் குண்டு இறாத்தலுக்கு 38 அளவில், நாலு இறாத்தலுக்கு 150 தாண்டும். மருந்துதான் முதலில் தீரும்.

இன்னொரு தொல்லை, இரண்டு றைபிளின் வாய் ஒன்றாக இராது. பக்கத்தில் நிற்கிறவனின் குண்டு உனக்கு ஏறாது, அவனவன் அச்சில் அவனவன் வார்க்க வேண்டும். வாய்வழி மருந்து இடிக்கிற இடியன் துவக்கு வைத்திருந்த ஊர்களில் இதை விளக்கத் தேவையில்லை. மழை பெய்தால் மருந்து நமுத்து, கல் பொறி பறந்தும் வெடிக்காது.

தலைவனைத் தெரிவதும் வாக்கெடுப்புத்தான். 1782 மே மாதம் சான்டஸ்கி ஆற்றுப் பக்கத்துப் பழங்குடி ஊர்களைத் தாக்கப் போகத் திரண்ட தொண்டர்கள் குரோஃபோர்டுக்கு 235, டேவிட் வில்லியம்சனுக்கு 230 என்று வாக்குப் போட்டார்கள். குதிரை, துவக்கு, 30 நாள் சாப்பாடு எல்லாம் அவரவர் செலவு. வந்தவருக்கு இரண்டு மாத மிலிஷியாக் கடமை கழியும். ஐந்து வாக்கு வித்தியாசத்தில் வந்த தலைவனின் கட்டளை எவ்வளவு தூரம் ஓடும்? ஜூன் 5 இரவு பின்வாங்கும்போது படை துண்டு துண்டாகியது. குரோஃபோர்ட் பிடிபட்டு ஜூன் 11இல் எரிக்கப்பட்டார். அந்த மார்ச்சில் நாடென்ஹுற்றன் என்ற ஊரில் 96 கிறிஸ்தவ டெலவெயர் மக்களை மிலிஷியாக்காரர் கொன்றிருந்தார்கள். அதற்குப் பழி. அந்தக் கொலைக்குத் தலைமை தாங்கியது வில்லியம்சன். குரோஃபோர்ட் அங்கே இருக்கவே இல்லை.

---

கற்சிலை எழுதியது:

எல்லாரும் சங்கிலியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் காடு ஆருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. 1768இல் ஸ்ரான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் ஒஹாயோ ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலத்தை எழுதிக் கொடுத்தது இறொக்குவா என்ற பழங்குடிக் கூட்டமைப்பு. அங்கே வேட்டையாடித் திரிந்தது ஷானியும் டெலவெயரும். கொடுத்தவன் ஒருவன், இழந்தவன் வேறொருவன். 1774 போரும் 1782ம் இந்த ஓட்டையில்தான் முளைத்தன. "எல்லைப்புறம்" என்ற சொல்லே ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிற சொல். கற்சிலைமடுவில் 1803 ஒக்ரோபர் 31 என்று ஒரு கல் நட்டிருந்தார்கள், வன்னியின் பண்டாரவன்னியனைப் பிரித்தானியர் தோற்கடித்தது பற்றி. நட்டது வென்ற பக்கம். அதன் வாசகத்தையும் ஒருக்கால் தேடி வாசியுங்கோ.

---

தோம்புக்கட்டு எழுதியது:

கற்சிலை சொல்வது சரி. உறுதியின் மேல் முத்திரை இருக்கிறது என்பதற்காக அடி மண் சுத்தம் என்றாகாது.

வீரைமரம், மூன்று வகை உரிமையும் ஒன்றோடொன்று மோதிய வழக்கு ஒன்று இருக்கிறது: மில்லர்ஸ் றன் என்ற ஓடையோரக் காணி. குரோஃபோர்ட் வொஷிங்டனுக்காக 1771இல் அளந்த காணி, 2,813 ஏக்கர். அடி உரிமை ஜோன் போஸி என்ற கப்டனின் 3,000 ஏக்கர். வொஷிங்டன் அதை விலைக்கு வாங்கியிருந்தார். பேற்றன்ற் 1774 ஜூலை. ஆனால் 1773இலேயே குடும்பங்கள் வந்து இறங்கிவிட்டன. காணியைக் காட்ட வொஷிங்டன் பக்கத்தார் கட்டிய கொட்டிலின் வாசலை அடைத்தபடி, அவர்கள் இன்னொரு வீட்டைக் கட்டினார்கள். உள்ளே ஒருவரும் நுழைய முடியாதபடி! வேலிச் சண்டையில் நம்மட ஆக்கள்தான் கெட்டிக்காரர் என்று இனிச் சொல்ல முடியாது.

1784இல் வொஷிங்டனே நேரில் போனார். ஏக்கர் 25 சிலிங், மூன்று வருடத் தவணை, அல்லது 999 வருடக் குத்தகை என்றார். அவர்கள் மறுத்தார்கள். 1786இல் தீர்ப்பு அவருக்கு. வெட்டியவன் 1773 என்கிறான், ஆனால் அளவை 1771; அளவையைத் தொடர்ந்து பேற்றன்ற்றும் வந்துவிட்டது. உரிமைச் சங்கிலி அறுபடவில்லை. குரோஃபோர்டின் வரைபடம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் வழக்கின் பாதை வேறு.

---

வீரைமரம் எழுதியது:

2,813 ஏக்கர் கண்ணுக்குள்ள வரமாட்டுது. பிள்ளைகளுக்கு வகுப்பில ஒரு பழைய அளவையைக் கீற வைக்கலாமா?

---

சங்கிலி66 எழுதியது:

சதுரமாக நினைத்தால் ஒரு பக்கம் 168 சங்கிலி, இரண்டு மைலுக்குக் கொஞ்சம் கூட. சுற்றிவரக் கிட்டத்தட்ட எட்டரை மைல் நடை. உண்மையில் இப்படியான காணிகள் சதுரமாக இராது, ஓடைக்கரைத் தாழ்நிலத்தைப் பிடித்து வளைந்துபோகும்.

கீறலாம். 40 போலுக்கு ஓர் அங்குலம் என்று வையுங்கள், 400 ஏக்கர் ஆறரை அங்குலத்துக்குள் அடங்கும். கொப்பித் தாளே போதும். ஒவ்வொரு புள்ளியிலும் வடக்குக் கோட்டைப் புதிதாகப் போட்டுப் பாகைமானியை வைக்க வேண்டும். பிள்ளைகள் முந்திய கோட்டிலிருந்து பாகையை அளந்துவிடுவார்கள், அங்கேதான் எல்லாம் குழம்பும். கடைசிக் கோடு தொடங்கிய மரத்துக்கு வந்து சேர வேண்டும். கால் அங்குலம் தள்ளி நின்றால் அந்தக் கால அளவைக்கு அது பரவாயில்லை. இரண்டு மூன்று அங்குலம் விலகினால் கீறினவரில் பிழை தேட முதல், படியெடுத்தவர் ஏதோ ஒரு வரியில் வடக்கைத் தெற்கு என்று மாற்றி எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒவ்வொரு வரியாக வடக்கையும் தெற்கையும் மாற்றிப்போட்டுப் பார்த்தால் எந்த வரியில் மூடுகிறதோ அதுதான் ஆள்.