எஞ்சின் வேலைக்குப் பிறகு டைமிங் அமையவில்லை, அவசர உதவி தேவை

பீன்யா_வண்டி:
வணக்கம். எங்கள் பழைய மகேந்திரா லாரியின் எஞ்சின் வேலை முடிந்து நேற்றுதான் பூட்டினோம். அதிலிருந்து டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைக்கவே முடியவில்லை. பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு பக்கமாகக் கடைசி வரை திருப்பினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. அப்போதும் இழுவை இல்லை, சிறிது நேரத்தில் ரேடியேட்டர் கொதித்துவிடுகிறது. வண்டி உடனே வேலைக்குப் போக வேண்டும் என்பதால், தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

கலாசிபாளையம்_கடை:
டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பதால் பெட்ரோல் வண்டி என்று மட்டும் ஊகிக்க முடிகிறது. மாடல் எது? ஹெட்டை மட்டும் இறக்கினீர்களா, டைமிங் கியர் வரை கழற்றினீர்களா? ‘ஒரு பக்கம்’ என்றால் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் பக்கமா, எதிர்ப்பக்கமா? இவை தெரியாமல் சொல்லப்படும் எந்த யோசனையும் குருட்டு யோசனையாகத்தான் இருக்கும்.

எண்ணெய்க்கை:
இது கண்டென்சர் (டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்டைக் கருகாமல் காக்கும் சிறு பாகம்) கோளாறு என்றே எனக்குப் படுகிறது. பாயின்ட் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் தொடுமுனை) கருகியிருக்கிறதா என்று பாருங்கள், கருகியிருந்தால் பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் கண்டென்சரையும் பாயின்டையும் சேர்த்து வாங்கி மாற்றிவிட்டுப் பிறகு டைமிங்கைப் பற்றி யோசியுங்கள்.

கையேடு_ஐயா:
தம்பி, இதே கேள்விக்கு நான் பல முறை பதில் எழுதியாயிற்று; தேடிப் பார்க்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் குழாயைப் போலத் திருகிக்கொண்டிருப்பது டைமிங் வைப்பது ஆகாது. முதலில் பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து 0.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும், ஏனெனில் இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகவே திறந்து டைமிங்கும் முன்னால் போய்விடும். அதன் பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். இந்த வரிசை தெரியாத மெக்கானிக்கிடம் எஞ்சினைக் கொடுத்தது யார் குற்றம்?

பீன்யா_வண்டி:
மாடல் எஃப்.சி. 150, பழைய ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின்தான், டீசலுக்கு மாற்றவில்லை. ரிங் மாற்றி, வால்வு லேப்பிங் (வால்வைத் தேய்த்துப் பொருத்துவது) செய்து, புது ஹெட் கேஸ்கெட் போட்டோம். டைமிங் கியரைத் தொடவில்லை. ஆயில் பிரஷர் குறைவாக இருந்ததால் பம்பையும் மாற்றினோம். திருப்பியது கடிகாரம் சுற்றும் பக்கம். கண்டென்சர் புதியது.

கலாசிபாளையம்_கடை:
ஆயில் பம்ப் மாற்றியதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தனிக் கியர் கிடையாது. பிளாக்கின் இடப்பக்கம் வெளியே பூட்டியிருக்கும் ஆயில் பம்பின் கியரை, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் சுழற்ற, அந்தப் பம்ப் ஷாஃப்டின் முனையில் உள்ள காடியில் டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு உட்கார்ந்து சுழல்கிறது. நாக்கு நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருப்பதால் ஒரே விதமாகத்தான் பொருந்தும். ஆகவே பம்பைப் பூட்டும்போது கியர் ஒரு பல் தள்ளிப் போனால் டிஸ்ட்ரிபியூட்டரும் கூடவே தள்ளிப் போகும். இதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுவதால், டிஸ்ட்ரிபியூட்டர் உடலைக் கடிகாரப் பக்கம் திருப்பினால் டைமிங் முன்னால் வரும். நீங்கள் கடைசி வரை திருப்பியும் இழுவை இல்லை, சூடு ஏறுகிறது என்றால், பொறி இன்னும் தாமதமாகத்தான் விழுகிறது.

இருக்கைகளுக்கு நடுவே உள்ள எஞ்சின் மூடியைக் கழற்றி, முதல் பிளக் துளையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும் சுற்றில், பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி இருக்கும் குறிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டர் முதல் வயரைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் அப்போது ஒன்று மூட ஒன்று திறக்கும் நிலையில் இருந்தால், முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருப்பது உறுதி. ரோட்டர் விலகி நின்றால் பம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

எத்தனால்_எதிரி:
பம்பைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் பெட்ரோலைப் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பெங்களூருவோ கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கணக்கில் எடுத்து டைமிங்கை 10 டிகிரிக்கு மேல் முன்னால் வைத்தால்தான் பழைய எஞ்சின்கள் ஓடும்.

கையேடு_ஐயா:
எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலிந்து சூடு கொஞ்சம் கூடலாம், பழைய ரப்பர்க் குழாய்களும் கெடலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் கடைசி முனையில் போய் முட்டுவதற்கு எத்தனால் எப்படிக் காரணமாகும்? வேலைக்கு முன்பும் அவர் இதே ஊரில் இதே பெட்ரோலைத்தானே போட்டார்?

எத்தனால்_எதிரி:
கையேடு அச்சான காலத்தில் எத்தனால் பெட்ரோல் இல்லை, ஐயா. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு டைமிங் வைப்பவர்களுக்கு இது புரியும்.

கையேடு_ஐயா:
காதுக்கு நாக்கிங் (எஞ்சின் தட்டும் சத்தம்) கேட்கும்போது பிஸ்டன் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பல்பை மாட்டி, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, பாயின்ட் திறந்து பல்பு எரியும் இடத்தில் அதன் நட்டை இறுக்குவதற்கு அரைக் காசு செலவில்லை.

எண்ணெய்க்கை:
கண்டென்சரையும் ஒரு முறை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை என்றே நான் இன்னும் சொல்வேன்.

பீன்யா_வண்டி:
பம்ப்தான். கழற்றிப் பல் மாற்றிப் பூட்டினோம், பல்பு 5 டிகிரியில் எரிகிறது, டிஸ்ட்ரிபியூட்டரும் நடுவில் நிற்கிறது. லோடு ஏற்றி இன்னும் பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

கலாசிபாளையம்_கடை:
மகிழ்ச்சி. பம்ப் கேஸ்கெட் புதிது போட்டீர்களா, ஆயில் பிரஷர் இப்போது எவ்வளவு காட்டுகிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.