புதுப்பிப்பு: அம்மாவின் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 186, காரணம் தைராய்டு

அம்மாவுக்கு எல்டிஎல் 186 என்று வந்து, அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி. (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை) எழுதிக் கொடுத்ததும் பயந்துபோய் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"தைராய்டு பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேட்டாரே, அதுதான் விஷயம். டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) 18! தைராய்டு சுரப்பு குறைந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை எடுப்பதும் குறையுமாம். ஸ்டாட்டினால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுமாம். அம்மா தினமும் ராத்திரி கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது அதனால்தான் போலிருக்கிறது. டாக்டரே ஸ்டாட்டினை நிறுத்தி, தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுத்தார். வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அம்மாவுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

மூன்று மாதத்தில் டிஎஸ்எச் 3.6, எல்டிஎல் 124. எதிர்பாராமல் மலச்சிக்கலும் சரியாகிவிட்டது. சர்க்கரையோ இதய நோயோ இல்லாததால் இப்போதைக்கு ஸ்டாட்டின் வேண்டாம் என்றார் டாக்டர். அவை இருப்பவர்கள் தயவுசெய்து தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.