அம்மாவுக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80. பயப்பட வேண்டுமா?

வைகைக்கரையான்:
அம்மாவுக்கு வயது 58. போன வாரம் கடும் காய்ச்சல், விரல் மூட்டு, கணுக்கால் எல்லாம் வலி, பாத்ரூம் போகக்கூட ஆள் பிடிக்க வேண்டியிருந்தது, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்த்த அன்றே நீளமாக ஒரு டெஸ்ட் பட்டியல், அதில் ஏ.என்.ஏ.வும் (உடல் தன் சொந்த செல்லின் உட்கருவுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாக்குகிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்) இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சிக்குன்குனியா என்று உறுதியாகிவிட்டது, காய்ச்சலும் இறங்கிவிட்டது. சரி, கிளம்பலாம் என்று பார்த்தால் நேற்று ரிப்போர்ட் வருகிறது: ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80, ஸ்பெக்கிள்டு. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "எதுக்கும் ஏ.என்.ஏ. புரொஃபைல் ஒண்ணு பாத்துடுவோம்" என்றார், அது ஐந்தாயிரத்துக்கு மேலே. ராத்திரி முழுக்க கூகுளில் லூபஸ் (எஸ்எல்இ, உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) பற்றிப் படித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம். 15 வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறார், வேறு ஒன்றும் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருட்டறை_லேப்:
தம்பி, நான் 11 வருடமாக இந்த ஸ்லைடைப் பார்க்கிறவன். நடப்பது இதுதான். ஹெப்-2 என்ற செல்களை ஒட்டிய கண்ணாடித் தகட்டில் உங்கள் அம்மாவின் சீரத்தை 80 மடங்கு நீர்த்து ஊற்றுவோம், அப்புறம் ஒளிரும் சாயம், கழுவிவிட்டு இருட்டறையில் மைக்ராஸ்கோப். செல்லின் உட்கரு பச்சையாக மினுங்கினால் பாசிட்டிவ், பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் ஸ்பெக்கிள்டு. எத்தனை மடங்கு நீர்த்தும் ஒளிர்கிறதோ அதுதான் அந்த எண், எண் பெரிதானால் ஆன்டிபாடி அதிகம். அந்தப் பச்சை லேசா, நன்றாகவா என்பதைப் பெரும்பாலான லேபில் இன்னும் மனிதக் கண்தான் முடிவு செய்கிறது. ஒரே ஸ்லைடை நான் 1:80 என்பேன், பக்கத்து மேஜைக்காரர் 1:160 என்பார், சண்டையே நடந்திருக்கிறது. 1997-ல் பல லேப்கள் சேர்ந்து ஆரோக்கியமான ஆட்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 1:40-ல் 31.7 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ், 1:80-ல் 13.3, 1:320-ல்கூட 3.3. எட்டுப் பேரைப் பிடித்து நிறுத்தினால் ஒருவர் உங்கள் அம்மா மாதிரி. வார்டில் படுத்திருக்கிற எல்லோருக்கும் இதை எழுதித் தள்ளினால் நோயைவிடப் பயத்தைத்தான் அதிகம் கண்டுபிடிப்போம்.

கண்மணி_எஸ்எல்இ:
அண்ணா சொல்வது சரி, ஆனால் இந்த டெஸ்டையே திட்டாதீர்கள். எனக்கு 24 வயதில் மூட்டு வலி, முடி கொத்துக் கொத்தாக உதிரும், வெயிலில் போனால் கன்னம் சிவந்து எரியும். இரண்டு வருடம் "சத்துக் குறைவு" என்று டானிக் கொடுத்தார்கள். யாரும் ஏ.என்.ஏ. எழுதவில்லை. கடைசியில் கால் வீங்கி, சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தபோதுதான் பார்த்தார்கள், 1:1280, அதற்குள் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. அறிகுறி இருக்கிறவளுக்கு எழுதவில்லை, இல்லாதவர்களுக்கெல்லாம் எழுதுகிறார்கள், என் கோபம் அதுதான். அம்மாவுக்கு வாய்ப்புண், முகத்தில் தடிப்பு, குளிரில் விரல் வெளுப்பது இதெல்லாம் உண்டா?

வார்டு_டாக்டர்:
2019-ல் வந்த லூபஸ் வகைப்பாட்டில் ஏ.என்.ஏ. 1:80 என்பது வாசற்படி மட்டும். அதைத் தாண்டி மற்ற அறிகுறி, பரிசோதனைகளுக்குப் புள்ளி கொடுத்து 10 வந்தால்தான் பேச்சு. தைராய்டு பிரச்சனை உள்ளவர்களிடம் ஏ.என்.ஏ. தென்படுவது சகஜம், வைரஸ் காய்ச்சல் சமயத்தில் தற்காலிகமாகவும் ஏறும். சிக்குன்குனியா மூட்டு வலியோ மாதக்கணக்கில் இழுக்கும். புரொஃபைலுக்கு முன்னால் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), வெள்ளை அணு, தட்டணு இவற்றைப் பாருங்கள், பாதி ஏற்கனவே உங்கள் ஃபைலிலேயே இருக்கும். அதில் கோளாறு தெரிந்தால் லூபஸுக்கான அடுத்த கட்ட ரத்த டெஸ்ட்களான டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4 பார்க்கலாம். ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. மூன்று மாதம் கழித்தும் மூட்டு வீங்கியே இருந்தால் ருமட்டாலஜிஸ்டிடம் (மூட்டு, வாத நோய் நிபுணர்) காட்டுங்கள்.

இருட்டறை_லேப்:
புரொஃபைல் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. அது ஒரு பட்டை, ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஒரு கோடு. அறிகுறியே இல்லாதவருக்குப் போட்டால் ஆர்ஓ-52 மாதிரி ஏதாவது ஒரு கோடு மங்கலாக விழும், "பார்டர்லைன்" என்று அடித்துத் தருவோம், அப்புறம் நீங்கள் இங்கே இன்னொரு கேள்வி போடுவீர்கள்.

வைகைக்கரையான்:
ரொம்ப நன்றி. ஃபைலைப் புரட்டினேன், சிறுநீரில் புரதம் இல்லை, கிரியாட்டினின் 0.8, தட்டணு காய்ச்சலில் 1.3 லட்சத்துக்கு இறங்கி இன்று 2.1 லட்சம். கண்மணி கேட்டது எதுவும் அம்மாவுக்கு இல்லை, வாய்ப்புண் உண்டா என்று கேட்டதற்கு "ஆஸ்பத்திரி இட்லி தின்னா வராம என்ன செய்யும்" என்றார். டாக்டரிடம் கேட்டேன், புரொஃபைல் இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார். நாளைக்கு டிஸ்சார்ஜ்.