புதுப்பிப்பு: புதிய கணினியில் இரண்டு ரேமா, நான்கு ரேமா?

ரைசன் 7 7700 செயலியும் பி650 மதர்போர்டும் கொண்ட புதிய மேசைக் கணினிக்கு 16 ஜிபி ரேம் நான்கு போடலாமா, 32 ஜிபி ரேம் இரண்டு போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டே போதும் என்று அறிவுறுத்திய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அவ்வாறே வாங்கிப் பூட்டி முடித்துவிட்டேன்.

மதர்போர்டில் ரேம் செருகும் நான்கு ஸ்லாட்டுகளையும் நிரப்பினால்தான் வேகம் கூடும் என்று நான் நம்பியிருந்தது தவறு. இந்தச் செயலி கையாள்வது இரண்டு மெமரி சேனல்களைத்தான் (செயலிக்கும் ரேமுக்கும் இடையே தரவு செல்லும் பாதைகள்). இரண்டு ரேம்களுடன் டிடிஆர்5 வகை ரேமை 5200 வேகம் வரை அதிகாரபூர்வமாகத் தாங்கும் அது, நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடுகிறது. செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் செருகி, 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தினேன்.

முதல்முறை இயக்கியபோது மின்விசிறிகள் சுழன்றும் திரை சில நிமிடங்கள் இருண்டே இருந்ததால் உண்மையிலேயே பதறிப்போனேன். டிடிஆர்5 ரேமைப் புதிதாகப் பூட்டியதும் மதர்போர்டு அதற்கு ஒத்துவரும் அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறது என்பதால், அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் காத்திருப்பது மிகவும் முக்கியம்; முதன்முறையாகப் பூட்டுபவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில், ரேமை அதன் தயாரிப்பாளர் குறித்த கூடுதல் வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போவை இயக்கி 6000-இல் வைத்து, ரேமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டேன். ஒரு பிழைகூட வரவில்லை.

கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். செயலிக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் பகுதி இருப்பதால் அன்றாட வேலைகள் தடைபடவில்லை.