கியூபெக் விவசாயி முன்னோர்: 1871-க்கு முன்னால் ஆளைக் காணோம்

மொன்றியல் மருமகள்:
என் கணவர் கியூபெக் பிரெஞ்சுக்காரர். மாமனாருக்கு வயது எழுபத்தைந்து. அவருடைய தாத்தாவின் அப்பா லொத்பினியேர் பக்கம் பண்ணை வைத்திருந்தார் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை மட்டும் நிறைய. 1871 கணக்கெடுப்பில் 'புவாவேர், விவசாயி' என்று ஆள் அகப்பட்டார். அதற்கு முன்னால் எங்கு தேடியும் இல்லை. இதில் மாசசூசெட்ஸ் லோவெலில் இருக்கும் சொந்தக்காரர்கள் வேறு தங்களை கிரீன்வுட் என்கிறார்கள். எங்கிருந்து பிடிப்பது?

பழைய ஏடு:
கிரீன்வுட்டில் குழப்பம் இல்லை. பிரெஞ்சில் புவா என்றால் மரம், வேர் என்றால் பச்சை. மில் வேலைக்கு நியூ இங்கிலாந்து (லோவெல் இருக்கும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதி) போனவர்கள் பலர் பெயரை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள், லெப்லான் (வெள்ளை) வைட் ஆனது மாதிரி. உங்கள் சிக்கல் அநேகமாக 'டி' பெயர், அதாவது 'இன்னார் என்கிற இன்னார்' என்று சேரும் பட்டப்பெயர். 1665-ல் பிரான்சிலிருந்து வந்த கரிஞான்-சாலியேர் படைச் சிப்பாய்களிடம் லாஃப்ளர் (பூ), சான்சூசி (கவலையில்லாதவன்) என்றெல்லாம் இருந்தது. பிறகு அதுவே பலருக்குக் குடும்பப்பெயராகிவிட்டது, சில வீடுகளில் அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி இன்னொரு பெயரிலும் இருப்பார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு அவருடைய கல்யாணப் பதிவைத் தேடுங்கள். கத்தோலிக்கப் பங்குப் (கோயில் வட்டாரப்) பதிவேட்டில் மாப்பிள்ளை, பெண் இருவரின் பெற்றோர் பெயரும் இருக்கும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரோடு. அதைப் பிடித்து அவர்கள் கல்யாணம், அதற்கு முந்தையது என்று ஏழெட்டுப் படி ஏறினால் கப்பலில் வந்தவரிடமே போய்விடலாம். ஏடுகள் 1621-லிருந்து தொடங்குகின்றன. இரண்டு பிரதி எழுதி ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்பும் வழக்கம் இருந்ததால், கோயில் எரிந்தாலும் பதிவு பெரும்பாலும் தப்பியிருக்கும். ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் ஏட்டுப் பக்கங்களின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

நோட்டரி பைத்தியம்:
அவர் சொன்னது எலும்புக்கூடு. விவசாயி என்றால் சதை நோட்டரி பத்திரத்தில்தான் இருக்கிறது. நிலம், கல்யாண ஒப்பந்தம், கடன் எல்லாம் நோட்டரி முன்னால்தான். நான் தேடச் சொல்வது 'தொனாசியோன்', வயதான அப்பா அம்மா ஒரு மகனுக்கு நிலத்தை எழுதிவைக்கும் பத்திரம். சும்மா கொடுக்கமாட்டார்கள்! வருஷத்துக்கு இத்தனை மூட்டை மாவு, கொழுத்த பன்றி ஒன்று, வெட்டிப் பிளந்த விறகு, பால்மாடு, பூசைக்குப் போகக் குதிரை, நோய் வந்தால் பாதிரியாரையும் வைத்தியரையும் கூட்டிவர வேண்டும், செத்தபின் ஆத்மசாந்திக்கு இத்தனை பூசை. மகனை எவ்வளவு நம்பினார்கள் என்று அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மனைவியோ கணவனோ இறந்தால் சொத்துக் கணக்கு எழுதுவார்கள், அதில் ஓட்டைப் பானை வரை வந்துவிடும். அப்புறம், செஞ்ஞோர் முறை (நிலப்பிரபு முறை) 1854-ல் ஒழிந்ததும் எந்தக் குடியானவரிடம் எவ்வளவு நிலம், பிரபுவுக்கு எவ்வளவு நிலக் கட்டணம் என்று பட்டியல் போட்டார்கள், லொத்பினியேரையும் அதில் பாருங்கள்.

சந்தேகப் பேர்வழி:
இணையத்தில் கிடக்கும் வம்ச மரத்தை அப்படியே எடுத்துவிடாதீர்கள். ஆண்பிள்ளை என்றால் ஜோசப், பெண்பிள்ளை என்றால் மரி என்று ஞானஸ்நானத்தில் முன்னால் சேர்த்துவிடுவார்கள், குழந்தை இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயர். ஒரே ஊரில் ஐந்து ஜான்-பாப்டிஸ்ட் இருந்தாலும் ஆச்சரியமில்லை. மனைவி பெயரும் சேர்ந்து பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள்.

மொன்றியல் மருமகள்:
கிடைத்துவிட்டார்! 1866 கல்யாணம், பெயர் 'தெனெவேர் டி புவாவேர்'. இத்தனை நாளும் நான் பு வரிசையிலேயே தேடிக்கொண்டிருந்தேன். பெண் வீட்டோடு ஏற்கெனவே உறவுமுறை உண்டாம், நான்காம் தலைமுறை உறவுக்குத் திருச்சபை விலக்கு கொடுத்ததாக எழுதியிருக்கிறது, கடைசி வரியில் இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது என்று இருக்கிறது. மாமனார் அந்த வரியை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அடுத்து தொனாசியோன் தேடப்போகிறேன், எந்த நோட்டரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நோட்டரி பைத்தியம்:
கல்யாணம் நடந்த பங்குக்கு எட்டும் தூரத்தில் அந்த வருஷங்களில் யார் யார் நோட்டரி என்று கியூபெக் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் பாருங்கள். இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். ஒவ்வொருவரின் பத்திர அட்டவணையிலும் இரண்டு பெயரையும் தேடுங்கள், தெனெவேரையும்.