ஒன்வேர்ல்டு உலகச் சுற்று டிக்கெட், பிசினஸ்: ஆக்லாந்தை எடுத்தும் ரூட் செல்லவில்லை, எங்கே தப்பு?

கேள்வி

வணக்கம். சென்னையில் கிளம்பி சென்னையிலேயே முடியும்படி ஒன்வேர்ல்டு விமானக் கூட்டணியின் 'எக்ஸ்ப்ளோரர்' உலகச் சுற்று டிக்கெட்டை பிசினஸில், 4 கண்டம் தொடும்படி போட்டுப் பார்க்கிறேன். ரூட் இதுதான்:

சென்னை – தோஹா – ஏதென்ஸ் – லண்டன் – ஹெல்சிங்கி – லண்டன் – மாட்ரிட் – நியூயார்க் – சான் பிரான்சிஸ்கோ – சியாட்டில் – பாஸ்டன் – லாஸ் ஏஞ்சலஸ் – சிட்னி – ஆக்லாந்து – சிட்னி – டோக்கியோ – ஹாங்காங் – சென்னை.

மொத்தம் 17 செக்டார் (ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் ஒரு துண்டு ஒரு செக்டார்). 16-தான் உச்சம் என்று தெரிந்து ஆக்லாந்தை எடுத்துவிட்டு 15 ஆக்கினேன். அப்போதும் ரூட் செல்லாது என்றுதான் வருகிறது, எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. அட்லாண்டிக் ஒரு தடவை, பசிபிக் ஒரு தடவைதான் தாண்டுகிறேன். பயணம் சுமார் 75 நாள். ஆக்லாந்தை விட மனமில்லை. எதை மாற்றினால் சரியாகும்?

பதில் 1

ஆக்லாந்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. மொத்த எண்ணிக்கையைத் தவிர இன்னும் இரண்டு இடத்தில் விதி இடிக்கிறது.

முதல் இடம் ஐரோப்பா. இந்த டிக்கெட்டில் ஐரோப்பாவும் மத்தியக் கிழக்கும் சேர்ந்து ஒரே கண்டம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். தோஹாவில் இறங்கியதுமே நீங்கள் 'ஐரோப்பா'வுக்குள் வந்தாயிற்று. ஒரு கண்டத்துக்குள் 4 செக்டார்தான் (வட அமெரிக்காவுக்கு மட்டும் 6). கண்டம் விட்டுக் கண்டம் போகும் விமானம் இந்த 4-இல் சேராது, மொத்த 16-இல் சேரும். உங்கள் கணக்கு: தோஹா–ஏதென்ஸ், ஏதென்ஸ்–லண்டன், லண்டன்–ஹெல்சிங்கி, ஹெல்சிங்கி–லண்டன், லண்டன்–மாட்ரிட். ஐந்து. ஹெல்சிங்கியிலிருந்து லண்டனுக்குத் திரும்பாமல் ஃபின்ஏரில் நேரே மாட்ரிட் போய்விடுங்கள், நான்காகிவிடும்.

இரண்டாவது இடம் அமெரிக்கா. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே நிற்காமல் பறக்கும் விமானம் ஒன்றுதான் அனுமதி. நீங்கள் மூன்று போட்டிருக்கிறீர்கள்: நியூயார்க்–சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில்–பாஸ்டன், பாஸ்டன்–லாஸ் ஏஞ்சலஸ். சிகாகோ, டல்லாஸ் வழியாக உடைத்தால் விதி இடிக்காது, ஆனால் ஒவ்வொரு உடைப்புக்கும் ஒரு செக்டார் கூடும்.

பாஸ்டனை டிக்கெட்டை விட்டே எடுத்துவிடுவதுதான் நல்லது. நியூயார்க்கில் தங்கும்போது ரயிலில் போய்வாருங்கள், ஒரு வழிக்கு நாலு மணி நேரம் போல ஆகும். ஒன்றைக் கவனியுங்கள்: நியூயார்க்கில் இறங்கி, ரயிலில் பாஸ்டன் போய், அங்கிருந்தே அடுத்த விமானம் ஏறினால் அந்தத் தரைவழித் துண்டும் ஒரு செக்டாராக எண்ணப்படும். போய்த் திரும்பி நியூயார்க்கிலேயே ஏறினால் டிக்கெட்டுக்குப் பாஸ்டன் என்ற ஊரே தெரியாது.

இப்போது ரூட்: சென்னை – தோஹா – ஏதென்ஸ் – லண்டன் – ஹெல்சிங்கி – மாட்ரிட் – நியூயார்க் – சியாட்டில் – சான் பிரான்சிஸ்கோ – சிட்னி – ஆக்லாந்து – சிட்னி – டோக்கியோ – ஹாங்காங் – சென்னை. 14 செக்டார், இரண்டு மிச்சம்.

மாட்ரிட்டிலிருந்து அட்லாண்டிக் தாண்டுவதை மாற்றாதீர்கள். லண்டனில் தங்கிவிட்டு அங்கிருந்தே அமெரிக்கா கிளம்பினால், பிசினஸ் வகுப்புக்கு பிரிட்டன் விமானப் பயணி வரி மட்டும் 200 பவுண்டைத் தாண்டும். லண்டனிலிருந்து ஹெல்சிங்கி என்றால் சிறு தொகைதான்.

கேட்டவர்

மிக்க நன்றி சார், தோஹா கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. மிச்சமுள்ள இரண்டில் டோக்கியோ–சப்போரோ–டோக்கியோ போடலாமா? ஆசியாவுக்குள் சரியாக 4 வருகிறது. டோக்கியோ, சப்போரோ, ஹாங்காங் மூன்றிலும் சில நாள் தங்க வேண்டும்.

பதில் 2

செக்டார் கணக்கு சரி, தங்கும் கணக்கு இடிக்கும். புறப்பட்ட கண்டத்தில் இரண்டு ஸ்டாப்ஓவர்தான். நீங்கள் கிளம்புவது சென்னை, அதாவது ஆசியா. 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் ஸ்டாப்ஓவர், உள்ளே முடிந்தால் டிரான்சிட். மூன்று ஊரிலும் தங்கினால் மூன்றாகிவிடும்.

சப்போரோவுக்குத் தனி டிக்கெட் வாங்குவதே மேல். ஜப்பான் ஏர்லைன்ஸ் உள்நாட்டு விமானத்தில் பிசினஸ் என்ற வகுப்பே கிடையாது. ஃபர்ஸ்ட், கிளாஸ் ஜே, சாதாரணம், இவ்வளவுதான். ஒன்றரை மணி நேரப் பறப்புக்கு இரண்டு பிசினஸ் கூப்பனை (ஒரு செக்டாருக்கு ஒரு கூப்பன்) செலவழிக்க வேண்டாம். தனியாகப் போனால் டிக்கெட்டில் டோக்கியோ ஒன்று, ஹாங்காங் ஒன்று, இரண்டோடு முடிந்தது.

கையில் இருக்கும் இரண்டில் ஒன்றை அமெரிக்காவில் போடுங்கள்: நியூயார்க் – சான் பிரான்சிஸ்கோ – சியாட்டில் – லாஸ் ஏஞ்சலஸ் – சிட்னி. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் நியூயார்க்–சான் பிரான்சிஸ்கோ தடத்தில் முழுதாகப் படுக்கும் சீட் உண்டு. சியாட்டிலுக்கு நேரே போனால் ஆறு மணி நேரம் சாயும் நாற்காலிதான். மொத்தம் 15 ஆகும்.

ஐரோப்பாவுக்குள் பிசினஸ் என்றால் எகானமி சீட்டில் நடுவை காலியாக விடுவதுதான், படுக்கையை எதிர்பார்க்க வேண்டாம்.

பதில் 3

ரூட் முடிவானதும் சீட் தேடுங்கள். பிசினஸ் உலகச் சுற்றுக்கு 'டி' புக்கிங் கிளாஸ் (ஒரே கேபின் சீட்டுகளை விமான நிறுவனம் எழுத்து வாரியாகப் பிரித்து விற்கும் பிரிவு) திறந்திருக்க வேண்டும். எக்ஸ்பர்ட்ஃப்ளையர் மாதிரி சீட் நிலவரம் காட்டும் இணையதளத்தில் பார்த்தால் 'ஜே 9, சி 9, டி 0' என்று நிற்கும், அதாவது மற்ற பிசினஸ் பிரிவுகளில் சீட் உண்டு, 'டி'-யில் இல்லை. கேபினில் சீட் கிடக்கும், நமக்குக் கிடைக்காது. அதனால் சென்னை–தோஹாவில் ஆரம்பித்து வரிசையாகத் தேதி போட்டுக்கொண்டு போகாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ்–சிட்னியை முதலில் பிடியுங்கள், அதுதான் கஷ்டமான துண்டு. அங்கே இல்லையென்றால் சான் பிரான்சிஸ்கோ–சிட்னி பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் மற்றதை ஒட்டுங்கள். ஒரு துண்டில் மட்டும் 'டி' கிடைக்காவிட்டால் அதை எகானமியில் போட்டு வைத்து, திறந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. குவாண்டாஸ் விமான எண் இருந்தாலும் ஓட்டுவது கூட்டணியில் இல்லாத எமிரேட்ஸ் என்றால் அந்த விமானம் செல்லாது. 'இயக்குபவர்' என்ற வரியைப் பார்த்துப் போடுங்கள். அடுத்தது, விமான நிறுவனங்கள் சுமார் 11 மாதம் முன்தான் சீட் திறக்கும். கடைசித் துண்டுகள் இன்னும் திறக்கவில்லையென்றால் இருக்கும் தேதியில் போட்டு டிக்கெட் எடுத்து, பிறகு நகர்த்துங்கள். தேதி மாற்றக் கட்டணம் இல்லை. ஊரை மாற்றினால்தான் மறுவெளியீட்டுக் கட்டணம், வரியும் புதிதாகக் கணக்காகும்.

எந்தத் துண்டையும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். ஒன்றில் ஏறாவிட்டால் மீதி எல்லாம் ரத்தாகும்.

விலை புறப்படும் நாட்டைப் பொறுத்தது. இதே ரூட்டை கொழும்பில் தொடங்கி கொழும்பில் முடிப்பதாகவும் போட்டு விலை பாருங்கள். ஸ்ரீலங்கன் 2014 முதல் கூட்டணியில் இருக்கிறது. வித்தியாசத்தில் சென்னை–கொழும்பு தனி டிக்கெட் செலவைக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

கேட்டவர்

15 செக்டாரோடு போட்டேன், ரூட் ஏற்றுக்கொண்டது. சிட்னிக்கு 'டி' இரண்டு நாள் தள்ளித்தான் கிடைக்கிறது, சியாட்டிலில் இரண்டு நாள் கூட்டிக்கொள்கிறேன். டிக்கெட் நாலு எண்ணாக வரும் என்கிறார்களே, அது சரிதானா?

பதில் 1

சரிதான். ஒரு டிக்கெட் எண்ணுக்கு 4 கூப்பன். உங்கள் 15-க்கு நான்கு எண் வேண்டும், கடைசி எண்ணில் ஒரு கூப்பன் வெறுமனே நிற்கும். நான்கு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் கவுண்டரில் நடுவழியில் டிக்கெட் தெரியவில்லை என்றால் அந்தத் துண்டுக்குரிய எண்ணைச் சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள்.