மேட்டூர் திறந்தாச்சு, நம்மூர்ப் படித்துறைக்கு எப்போது வரும்?

திருச்சியிலிருந்து:
ஆடிப்பெருக்குக்கு டெல்டா பக்கம் போகிறவர்கள் ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புச் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். அணை மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) என்பதெல்லாம் இருப்புக் கணக்கு. பார்க்க வேண்டியது எத்தனை கன அடி விடுகிறார்கள் என்பதை. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. மேட்டூரிலிருந்து கல்லணைக்கு ஏறக்குறைய மூன்று நாள்.

டிவியில் கரை தொட்டு ஓடுகிற வெள்ளம் பெரும்பாலும் காவிரி இல்லை, கொள்ளிடம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு மேலணையில் உபரியை அந்தப் பக்கம்தான் தள்ளுவார்கள். படுகை தாழ்வு, அகலமும் அதிகம். 2018 ஆகஸ்டில் அந்த மேலணையின் மதகுகள் அடித்துப் போனதும் அந்தக் கொள்ளிடப் பக்கம்தான்.

ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். காதோலை கருகமணி, மஞ்சள் சரடு வாசலிலேயே கிடைக்கும். காப்பரிசி மட்டும் வீட்டில் செய்துவிடுங்கள்: பச்சரிசியை ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, வெல்லமும் எள்ளும் சேர்க்க வேண்டும். ஈரம் நின்றால் வெல்லம் இளகிக் கூழாகிவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து:
அண்ணே, அந்த மூன்று நாள் கல்லணை வரைக்கும்தான். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு பிரியும். அதற்குக் கீழேயும் குடமுருட்டி, அரசலாறு என்று கிளைகள். கோடையில் காய்ந்த மணல் வேறு முதல் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். ஆறுகளுக்கு மாற்றி மாற்றி முறை வைத்துத் தண்ணீர் விட்டால் இன்னும் தாமதம். எங்கள் ஊருக்கு வரும்போது காவிரி ஒரு பெரிய வாய்க்கால்தான். பூம்புகார் அருகே மேலையூர் கடையணையில், அதாவது காவிரியின் கடைசி அணையில், தண்ணீரை வரவேற்று விவசாயிகள் பூத்தூவினார்கள் என்ற செய்தி வந்த பிறகு கிளம்பினால் ஏமாற மாட்டீர்கள்.

எங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்துக்கு நீராட வருகிறவர்கள் தேதியைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐப்பசி முழுக்க துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுழுக்கு, கார்த்திகை 1 முடவன் முழுக்கு. கடைமுழுக்குக் கூட்டத்தில் படி இறங்க முடியாத முதியவர்களுக்கு மறுநாள்தான் வசதி.

ஸ்ரீரங்கத்திலிருந்து:
ஒன்று சேர்க்கிறேன். பெருமாளுக்குத் திருமஞ்சன நீர் மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வரும். ஐப்பசியில் மட்டும் காவிரியிலிருந்து, தங்கக் குடத்தில், யானை மேல். பார்க்க வேண்டுமென்றால் அம்மா மண்டபத்துக்கு விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள்.